ஒரு நாள் முந்தி

ஏலிம்விளைக் கோயிலில் மனசுக்குள் செய்கிற ஜெபம் வெளியே கேட்க ஆரம்பித்த அந்த ஞாயிற்றுக்கிழமை, சற்குணம் வழக்கம்போல முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவிலேயே வந்து, செருப்பை வாசலைப் பார்த்துத் திருப்பிச் சுவரோரமாகப் போட்டுவிட்டு, பெண்கள் பக்கம் மூன்றாவது பாயில் தூணை ஒட்டின தன் இடத்தில் முக்காட்டை இழுத்துவிட்டு முழங்கால் போட்டிருந்தாள். செருப்பைத் திருப்பிப் போடுவது எதற்கென்றால், ஐயர் ஆசீர்வாதம் சொல்லி வாய் மூடின உடனே காலை நுழைத்துக்கொண்டு ஓட வேண்டும். வீட்டில் மகன் தனியாகக் கிடப்பான். ஆசீர்வாதத்துக்கு முன்னால் எழுந்து ஓடலாமே என்று கேட்டால், அது அவளால் ஆகாது. கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒரு ஞாயிறும் தவறினவள் இல்லை, ஒரு நாளும் பாதியில் எழுந்தவளும் இல்லை. கோயில் என்றால் அவளுக்கு அப்படி ஒரு பயம், அப்படி ஒரு பக்தி.

மகன் பெயர் தேவஇரக்கம். வயது இருபத்தொன்பது. பிறந்து ஒரு வருஷமாகியும் கழுத்து நிற்கவில்லை, பிறகு கையும் நிற்கவில்லை காலும் நிற்கவில்லை, பேச்சு வரவேயில்லை. அவனிடம் மொத்தம் மூன்று சத்தம் உண்டு. ஒன்று தண்ணீருக்கு, ஒன்று அம்மாவுக்கு, இன்னொன்று தெருவில் ஆடு போனால் சிரிக்கிறதற்கு. அப்பன்காரன் பதினோரு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டான். அன்றிலிருந்து அவள் ஒருத்திதான் அவனைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டி, முதுகு புண்ணாகிவிடாமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட்டு, அந்த இரண்டு மணிக்கு நடுவில் இட்லி மாவு ஆட்டி விற்றுக் குடும்பம் ஓட்டுகிறவள். ஒரே நீட்டாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கி எத்தனையோ வருஷமாகிவிட்டது. உடம்பு வீங்கி, மூச்சு வாங்கி, ஐம்பத்தெட்டு வயதுக்கு எழுபது மாதிரி இருப்பாள்.

அவனைக் கோயிலுக்கே கொண்டுவந்ததில்லையா என்றால், கொண்டுவந்தாள். ஐந்து வயது வரைக்கும் மடியில் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு திருவிருந்து ஞாயிறு, அப்போதிருந்த பெரிய ஐயர் பாத்திரத்தைத் தூக்கின நேரம் பார்த்து, பிள்ளை வெளியே ஒரு ஆட்டைக் கண்டு, கோயில் கூரை அதிர ஒரு சத்தம் போட்டுவிட்டான். அந்தப் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள்; ஐயர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. “ஆராதனையில பயபக்தி கெடுதும்மா. பிள்ளைய வீட்டுல விட்டுட்டு நீ மட்டும் வா. கர்த்தர் ஒண்ணும் நினைக்க மாட்டார்” என்று சொல்லி அனுப்பினார். அவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் தோன்றவில்லை என்பதுதான் இதில் பெரிய கொடுமை.

பிறகு பதினாறு வருஷத்துக்கு முன்னால் கோபுரத்தில் நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டினார்கள். நாலும் பஸ் போகிற ரோட்டைப் பார்த்து இருந்தது. சற்குணம் போய் சபைக் கமிட்டிக்குத் தலைவரான பாக்கியநாத வாத்தியார் வீட்டு வாசலில் மூன்று வாரம் நின்றாள். “ஒரே ஒரு குழாய மட்டும் மேலத்தெருப் பக்கம் திருப்பிவிடுங்க வாத்தியாரே. என் பிள்ளையும் ஆராதனையில இருக்கட்டும்” என்றாள். “அவனுக்கு என்ன விளங்கும் சற்குணம்” என்றார் அவர். அவள் அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆம்பிளை முன்னால் சத்தம் போட்டாள். “எல்லாம் விளங்கும். பாட்டுப் பாடினா மூச்சைப் பிடிச்சிக் கேக்கான். எம்பிள்ளைக்கு விளங்கும்னு எனக்குத் தெரியும்” என்றாள். கடைசியில் மணியடிக்கிற கோயில்குட்டி மனாசே ஏறி ஒரு குழாயை மேலத்தெருவுக்குத் திருப்பிவிட்டார். அது நேரே அவள் வீட்டு ஜன்னலைப் பார்த்தது. கோயிலுக்கும் வீட்டுக்கும் முந்நூறு எட்டு நடைதான். அன்றிலிருந்து ஞாயிறு காலையில் அவள் பாயிலும் அவன் கட்டிலிலுமாக ஒரே ஆராதனையில் இருந்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஆடி மாத ஞாயிறு வந்தது. ஜோதிமணி ஐயர் பிரசங்கத்தை முடித்து, “ஒரு நிமிஷம் மௌனமாய் ஜெபிப்போம்” என்று சொல்லிக் கண்ணை மூடினார். ஊரே முழங்காலில் இருந்தது, ஒரு உதடும் அசையவில்லை, ஆனாலும் ஒவ்வொருத்தர் தலைக்கு மேலேயிருந்தும் அவரவர் குரல் எழுந்தது. ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை, பந்தியில் இலை போடுகிற மாதிரி வரிசையாக, முதலில் ஐயர், பிறகு ஆண்கள் பக்கம், பிறகு பெண்கள் பக்கம் என்று போயிற்று. நூற்று எண்பது பேர் ஜெபமும் அந்த ஒரு நிமிஷத்துக்குள்ளேயே அடங்கிற்று. எப்படி அடங்கிற்று என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேறு கவலை வந்துவிட்டது.

ஏனென்றால் ஐயரின் குரல், “இந்த ஊரை விட்டு எனக்கு ஒரு மாற்றல் தாரும் ஆண்டவரே, டவுன் பக்கமாய் இருந்தால் நல்லது” என்றது. பாக்கியநாத வாத்தியாரின் குரல், “தம்பி போட்ட போர்ல தண்ணி வரப்படாது” என்றது. பாட்டுக்குழுவில் முன்னால் நிற்கிற பெண்ணின் குரல் ஒரு பையன் பெயரைச் சொன்னது, அது அவளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் பெயர் இல்லை. கோயில்குட்டி மனாசே தன் முட்டிவலியைச் சொன்னார். முக்கால்வாசிப் பேருக்கு ஜெபம் என்று ஒன்றுமே இல்லை. புளி ஊறப்போட்டேனா, வெயில் ஏறுதே, இவள் சேலை புதுசா, இவ்வளவுதான். நாற்பது வருஷம் கண்ணை இறுக்கி மூடி, நெற்றியில் நரம்பு புடைக்க முழங்காலில் நின்ற ஆட்களெல்லாம் ஒரு பாவமும் இல்லாமல் புளியை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சற்குணத்தின் முறை வந்தது. அவளுக்கு மட்டும் எல்லா வாரமும் ஒரே ஜெபம்தான். அவள் குரல், இட்லி மாவு கேட்டு வருகிறவர்களிடம் பேசுகிற அதே அடங்கின குரல், தூணுக்குப் பக்கத்திலிருந்து எழும்பிற்று.

“ஆண்டவரே, எனக்கு முந்தி அவனை எடுத்துக்கிடும். ரொம்ப முந்தி வேண்டாம். ஒரு நாள் முந்தினாப் போதும்.”

புளியை நினைத்தவர்களுக்கெல்லாம் தங்கள் புளி மறந்துவிட்டது. பெற்ற தாய் பிள்ளைச் சாவைக் கேட்கிறாள் என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சற்குணம் முக்காட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, அந்த அவமானத்திலும் ஆசீர்வாதம் வரைக்கும் இருந்து, பிறகுதான் எழுந்து ஓடினாள்.

ஓடுகிற வழியில் தலைக்கு மேலே கடைசிப் பாட்டின் சத்தம் அவளுக்கு முன்னால் மேலத்தெருவுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் நின்றுவிட்டாள். நிமிர்ந்து குழாயைப் பார்த்தாள். குழாயின் வாய் நேரே அவள் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் போனாள். வழக்கமாக அவள் நிலைப்படி தாண்டினதும் அம்மாவுக்கு உள்ள சத்தத்தைப் போடுவான். அன்றைக்கும் போட்டான். போட்டானே என்று அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் கொஞ்சம் தாமதமாகப் போட்டானோ என்று பிறகு தோன்றிற்று. கஞ்சி குடித்தான். ஆடு போனது, சிரித்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏய், இரக்கம். கேட்டுச்சாப்பா” என்றாள். அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று இருபத்தொன்பது வருஷமாகத் தெரியாதது அன்றைக்கு மட்டும் எப்படித் தெரியும். பதினாறு வருஷம் என் பிள்ளைக்கு எல்லாம் விளங்கும் விளங்கும் என்று ஊரோடு மல்லுக்கு நின்றவள், அன்றிலிருந்து, அவனுக்கு ஒன்றும் விளங்காது என்று யாராவது ஒருத்தர் அடித்துச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்க ஆரம்பித்தாள்.

ஊர் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு பாதிக் கோயில் காலி. வந்தவர்களும் கோயிலுக்குள் வராமல் வேப்பமரத்தடியில் நின்றார்கள். மூன்றாவது வாரம் ஐயரம்மா எமிலி புதன்கிழமைப் பெண்கள் கூட்டத்தில் ஒரு வகுப்பு எடுத்தார்கள். சனிக்கிழமை காலையிலிருந்தே ஒரு நல்ல ஜெபத்தை மனசில் போட்டுத் திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டிருந்தால், ஞாயிறு அதுதான் வெளியே வரும், இடையில் வேறு நினைப்பு புகுந்தால் மூச்சை அடக்கிப் பத்து எண்ண வேண்டும், இதுதான் பாடம். ஊர் நன்றாகவே படித்துக்கொண்டது. ஐந்தாவது வாரத்தில் வாத்தியார் குரல் உலக சமாதானத்துக்காக ஜெபித்தது. பாட்டுக்குழுப் பெண் விதவைகளுக்காக ஜெபித்தாள். அழகான தமிழ், நீட்டி முழக்கின வாக்கியம். ஒவ்வொரு ஜெபம் முடிந்ததும் சபை முழுக்க ஒரே குரலில் ஆமென் சொல்ல வேண்டும் என்று ஐயரம்மா பழக்கினார்கள். அதில் ஒரு ஆள் பிந்தக்கூடாது. ஆமென் அவ்வளவு சுத்தமாக விழுந்தது, பக்கத்து ஊர்களிலிருந்து அதைக் கேட்கவே வேன் பிடித்து வந்தார்கள். கோயில் நிறைந்து, வராந்தாவை ஒட்டிப் பந்தல் போட்டார்கள். இவ்வளவு பயபக்தியான சபை சுற்றுவட்டாரத்தில் இல்லை என்று பேர் வந்தது.

மேலிடத்திலிருந்து விசாரிக்க இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மௌன ஜெபத்தில் ஒருவர் குரல் மத்தியானம் நாட்டுக்கோழியா பிராய்லரா என்று கேட்டது. இன்னொருவர் குரல், தான் கடவுளை நம்புவதை விட்டு இருபது வருஷமாகிறது என்று சொல்லி அழுதது. இரண்டு பேரும் சாப்பிடாமலே காரில் ஏறிப் போனார்கள். அறிக்கை எதுவும் வரவில்லை.

சற்குணம் மட்டும் அந்தப் படிப்பில் தேறவில்லை. அவளும் சனிக்கிழமை முழுக்க இருபத்துமூன்றாம் சங்கீதத்தை மாவரைத்துக்கொண்டே உருட்டினாள், மூச்சை அடக்கிப் பத்து எண்ணினாள், பல்லைக் கடித்தாள். அவள் முறை வந்ததும், “ஒரு நாள் முந்தினாப் போதும்” என்றுதான் வந்தது. அந்த ஒரு ஜெபத்துக்கு மட்டும் யாரும் ஆமென் சொல்வதில்லை. அந்த இடத்தில் மட்டும் கோயிலில் ஒரு ஓட்டை விழும். பிறகு அடுத்த பெண்ணின் அழகான ஜெபம் வந்து அதை மூடும்.

குழாயையாவது நிறுத்தலாம் என்று மைக்கை அணைத்துப் பார்த்தார்கள். அணைத்த பிறகும் குழாயில் வந்தது. கரண்ட் போன ஞாயிறும் வந்தது. மனாசே முட்டிவலியோடு ஏறி, மேலத்தெருக் குழாயைத் திரும்ப ரோட்டுப் பக்கம் திருப்பிப் பார்த்தார். அந்த வாரம் தேவஇரக்கம் கட்டிலில் கிடந்து முதல் பாட்டிலிருந்து அலற ஆரம்பித்தான், முந்நூறு எட்டு தாண்டிக் கோயிலுக்குள் கேட்டது. தண்ணீருக்குள்ள சத்தமும் இல்லை, அம்மாவுக்குள்ளதும் இல்லை, ஆட்டுக்குள்ளதும் இல்லை. அடுத்த வாரம் குழாயைப் பழையபடி திருப்பி வைத்தார்கள். அவன் அடங்கினான். வாராவாரம் அவன் அதைக் கேட்கத்தான் செய்கிறான் என்று சற்குணத்துக்கு உறுதியாயிற்று.

ஊர் கல்நெஞ்சு உள்ளது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவள்மேல் இரக்கம் வந்துதான் கமிட்டி கூடினது. இனிமேல் ஒவ்வொருவரும் தங்கள் மௌன ஜெபத்தில் தேவஇரக்கத்தின் தீர்க்காயுசுக்காக வேண்டிக்கொள்ள வேண்டும், ஒருத்தி ஜெபத்தை நூற்று எண்பது பேர் ஜெபம் அடக்கிவிடும் என்று தீர்மானம் போட்டார்கள். அதன்படியே நடந்தது. “எங்கள் தம்பி தேவஇரக்கத்துக்கு நூறு வயதைக் கட்டளையிடும்” என்று ஆண்கள் பக்கம் கேட்கும், ஆமென். “தாயின் கடினமான இருதயத்தை மாற்றும்” என்று பெண்கள் பக்கம் கேட்கும், ஆமென். நூறு வயது என்றால் அவளுக்குப் பிறகு எழுபது வருஷம் அவனை யார் புரட்டிப் போடுவது என்று ஒரு ஜெபத்திலும் இல்லை.

அவள் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான். நெஞ்சிலிருப்பது வெளியே கேட்கிற இடமல்லவா. நூற்று எண்பது நெஞ்சில் ஒரு நெஞ்சு, சற்குணத்துக்குப் பிறகு நான் பார்த்துக்கிடுதேன் என்று ஒரு வாரமாவது சொல்லாதா என்று அவள் முக்காட்டுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அந்த ஒரு வாக்கியம் கேட்டால் போதும், தன் ஜெபம் தானாக நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

புருஷனின் அக்கா பூரணம் அடுத்த வீடுதான். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்து, “ஏட்டி சற்குணம், நீ ஏன் இப்படிக் கேக்க? நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்? உனக்குப் பொறவு நான் பாக்க மாட்டேனா” என்று கண்ணீர் விட்டாள்.

“பாப்பியளா மைனி?”

“பின்ன? எம்பிள்ளை மாதிரில்லா அவன்.”

சற்குணத்துக்கு அந்தச் சனிக்கிழமை மாவு ஆட்டினதே தெரியவில்லை. ஞாயிறு போய் முழங்காலில் நின்று, பூரணத்தின் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். முதலில் தீர்க்காயுசு ஜெபம் அழகாகத்தான் வந்தது. சபை ஆமென் சொல்ல வாயெடுத்த நேரம், அதே குரலில் வாலாக இன்னொன்று வந்தது. “என்னைய மட்டும் அதுல மாட்டிவிட்டுராதேயும் சாமி. என்னால ஆகாது.”

ஆராதனை முடிந்து வாசலில் பூரணம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சற்குணம் கோபப்படவில்லை. “விடுங்க மைனி. என்னாலயே ஆகல” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

அந்த வாரத்தில் அவளுக்கு நெஞ்சுவலி ஒரு தடவை வந்து போயிற்று. மாவுச் சட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வலி போகிற வரைக்கும் கட்டிலைப் பார்த்தாள். அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். நூற்று எண்பது பேர் ஜெபம் கேட்கப்படுகிறது, தான்தான் முந்திப் போகப் போகிறோம் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அதற்குள் ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அவன் கேட்டானா, அவனுக்கு விளங்கிற்றா, அம்மாவைப் பற்றி அவன் நெஞ்சில் இப்போது என்ன இருக்கிறது. ஊமைக் குரலும் கேட்கிற ஒரு இடம் முந்நூறு எட்டில் இருக்கும்போது, அவனைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்தால் தெரிந்துவிடும்.

வாத்தியாரிடம் போய்க் கேட்டாள். அவர் முகம் சுளித்தார். “வெளியூர்க்காரங்க எல்லாம் வாராவ. அவன் பாட்டுக்குச் சத்தம் போட்டான்னா? பயபக்தின்னு ஒண்ணு இருக்குல்லா.”

“சத்தம் போட்டா நான் கூட்டிட்டுப் போயிருதேன் வாத்தியாரே. இருபத்தினாலு வருஷமா அந்தக் குழாயத் தவிர ஒண்ணும் கேட்டதில்லையே நான்.”

ஐயர்தான் வரட்டும் என்றார். தீர்க்காயுசு ஜெபத்தின் பலனைச் சபை கண்ணால் பார்க்கட்டும் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

அப்படியாக அறுப்பின் பண்டிகை ஞாயிறு, தூணெல்லாம் வாழையும் கரும்பும் கட்டியிருக்க, நாலு பேர் தேவஇரக்கத்தைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து, பெண்கள் பக்கம் கடைசிப் பாய்க்குப் பின்னால் இறக்கி வைத்தார்கள். அவனுக்கு அவன் அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தாள். சற்குணம் அன்றைக்குத் தன் இடத்தை விட்டுவிட்டுக் கட்டிலோரம் முழங்கால் போட்டாள். அவன் ஒரு சத்தமும் போடவில்லை. மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தான், கரும்பைப் பார்த்தான். பாட்டுத் தொடங்கினதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். வாத்தியார் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று தலையை ஆட்டினார்.

மௌன ஜெபம் வந்தது. ஐயர், ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், ஆமென், ஆமென், ஆமென். சற்குணத்தின் முறையில் அவள் எவ்வளவோ அடக்கியும் அதுதான் வந்தது, அவன் காது பக்கத்தில் வைத்தே வந்தது. “ஒரு நாள் முந்தினாப் போதும்.” ஓட்டை விழுந்தது.

பிறகு கட்டிலுக்கு மேலேயிருந்து ஒரு ஆம்பிளைக் குரல் வந்தது. யாரும் அதற்கு முன்னால் கேட்டிராத குரல். ஆனால் செத்துப்போன அவன் அப்பன் குரல் மாதிரியே இருக்கிறது என்று வயசானவர்களுக்குத் தெரிந்தது. அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாகப் பேசிற்று.

“ஆண்டவரே, எங்கம்மா கேக்கதக் குடுத்துரும். வாராவாரம் கேக்கா, பாவம். நான் ஆட்டைப் பாத்துக்கிட்டு இருந்திருவேன், எனக்கு இங்க இருக்கப் பிடிச்சிருக்கு. ஆனா அவளுக்கு அந்த ஒரு நாள் வேணும். அந்த ஒரு நாளாவது அவ தூங்கட்டும்.”

நூற்று எண்பது பேரும், பந்தலில் இருந்த வெளியூர்க்காரர்களும், ஒரு ஆள் பிந்தாமல், பழக்கின மாதிரியே, ஒரே குரலில் சொன்னார்கள். ஆமென்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவர்களுக்கு உறைத்தது. வாத்தியார் வாயைப் பொத்திக்கொண்டார். ஐயரம்மா பாயில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். சற்குணம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம், கேக்காதேயும், அவன் சொன்னதையும் கேக்காதேயும், நான் சொன்னதையும் கேக்காதேயும், இத்தனை வருஷம் கேட்டதை எல்லாம் தூரப் போட்டுரும் என்று நெஞ்சு வெடிக்க ஜெபித்தாள். இருபத்தொன்பது வருஷத்தில் அவள் செய்த முதல் புது ஜெபம். அது வெளியே கேட்கவில்லை. அவளுக்கே கேட்கவில்லை. அந்த ஆமெனோடு கோயிலில் எல்லாக் குரலும் நின்றுபோயிருந்தது. ஐயர் காணிக்கைப் பாட்டு எண்ணைச் சொன்னார்.

பிறகு எந்த ஞாயிறும் அங்கே மனசுக்குள்ளது வெளியே வரவில்லை. வேன்கள் நின்றன, பந்தலைப் பிரித்தார்கள். ஊருக்கு அதில் பெரிய நிம்மதி. பழையபடி கண்ணை மூடிப் புளியை நினைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு ஆமெனைப் பற்றி யாரும் யாரிடமும் பேசுவதில்லை. இனிமேல் இரக்கத்தைத் தாராளமாகக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று கமிட்டி சொல்லிவிட்டது. கட்டில் தூக்கத்தான் நாலு பேர் அகப்படவில்லை.

அவன் இருக்கிறான். அவளும் இருக்கிறாள். எந்த ஜெபம் மேலே போய்ச் சேர்ந்தது, எது வழியில் நின்றது, அவளுக்குத் தெரியாது. ஞாயிறு காலையில் முதல் மணி அடிக்கிறதற்கு முன்னால் அவன் மூக்குக்குக் கீழே ஒரு விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கோயிலுக்குப் புறப்படுகிறாள். இன்றைக்கும் ஒரு வாரமும் தவறினதில்லை. மூன்றாவது பாய், தூணோரம், முக்காடு. ஆனால் ஐயர், “ஒரு நிமிஷம் மௌனமாய் ஜெபிப்போம்” என்று சொன்னதும், ஊர் முழுக்க முழங்காலில் இருக்கும்போதே, எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் ஓடுகிறாள். சற்குணத்துக்கு இப்போது பயபக்தி குறைந்துவிட்டது என்று வாத்தியார் கமிட்டியில் வருத்தப்பட்டுச் சொன்னார்.

மூச்சு வாங்க வந்து கட்டிலில் உட்காருவாள். ஜன்னலுக்கு வெளியே குழாயில் வெறும் இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும். ஐயரின் ஒரு நிமிஷம் இப்போதெல்லாம் ஐந்து நிமிஷம் நீளும்; அது முடிகிற வரைக்கும் அவள் தன் இரண்டு கையாலும் அவன் இரண்டு காதையும் இறுக்கிப் பொத்திக்கொண்டிருப்பாள். அவனுக்கு அது விளையாட்டு. ஆட்டுக்குச் சிரிக்கிற மாதிரி சிரிப்பான். பிறகு குழாயில் காணிக்கைப் பாட்டு தொடங்கும். அவள் கையை எடுத்துவிட்டு, இன்னொரு தடவை அவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள்.